அமுக்கம் குறைந்தது எங்கே? – டீசல் பிக்கப் வண்டியின் நோயைக் கண்டறிதல்

நம் ஊர்களில் எத்தனையோ குடும்பங்களின் வருமானம் ஒரு பிக்கப் வண்டியின் பின்தட்டில் ஏறி இறங்குகிறது. மரக்கறி, அரிசி மூடை, தளபாடம், சீமெந்து, கலியாண வீட்டுச் சமையல் பாத்திரம் என்று அது சுமக்காத பொருள் இல்லை. அந்த வண்டி ஏற்றத்தில் இழுக்க மறுத்து, சாரதிக்கு முன்னால் மஞ்சள் நிற எஞ்சின் விளக்கும் எரியத் தொடங்கினால் வீட்டில் எல்லோருக்கும் கவலை பிடித்துவிடும். கராஜுக்குக் கொண்டுபோனால் சோதனைக் கருவியைப் பொருத்திப் பார்த்துவிட்டு, "எரிபொருள் அமுக்கம் குறைவு" என்பார்கள். அதற்கு அடுத்த வசனம் பல வேளைகளில் "பம்பி மாற்ற வேண்டும்" என்பதாக இருக்கும்.

முதலாவது வசனம் ஓர் அவதானிப்பு. இரண்டாவது ஒரு தீர்ப்பு. இவ்விரண்டுக்கும் இடையில் செய்ய வேண்டிய ஆய்வைப் பற்றியதே இக்கட்டுரை. உயர்தரத்தில் பொறியியல் தொழில்நுட்பம் கற்பவள் என்ற வகையிலும், இதே நோயினால் எங்கள் வீட்டு வண்டி ஒரு மாத காலம் அவதிப்பட்டதைப் பார்த்தவள் என்ற வகையிலும் நான் அறிந்துகொண்டதை இங்கு எழுதுகிறேன். எஞ்சினைப் பற்றி ஒன்றும் தெரியாதவர்களுக்கும் விளங்க வேண்டும் என்பதற்காக அடிப்படையிலிருந்தே தொடங்குகிறேன்.

டீசல் எரிவது எப்படி?

பெற்றோல் எஞ்சினில் எரிபொருளைப் பற்றவைக்க ஒரு தீப்பொறி வேண்டும். டீசல் எஞ்சினுக்குத் தீப்பொறி தேவையில்லை. ஜேர்மனியப் பொறியியலாளர் ருடோல்ஃப் டீசல் 1892 ஆம் ஆண்டில் காப்புரிமைக்கு விண்ணப்பித்து, 1897 ஆம் ஆண்டில் ஆக்ஸ்பேர்க் நகரில் வெற்றிகரமாக இயக்கிக் காட்டிய எஞ்சினின் சிறப்பே இதுதான். உருளைக்குள் வளியை மட்டும் எடுத்து, அதன் கனவளவைப் பதினாறில் அல்லது பதினெட்டில் ஒரு பங்காகும்வரை நெருக்குகிறார்கள். சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பியின் அடிப்பகுதி சுடுவதைக் கவனித்திருப்பீர்கள். அதே காரணத்தால் எஞ்சினுக்குள் நெருக்கப்பட்ட வளியும் 500 பாகை செல்சியசுக்கு மேல் சூடாகிறது. அந்த நேரத்தில் டீசலை உள்ளே தெளித்தால் அது தானாகவே பற்றிக்கொள்ளும்.

"தெளித்தால்" என்ற சொல்லில்தான் விடயம் இருக்கிறது. டீசல் துளித்துளியாக விழுந்தால் முழுமையாக எரியாது. பனிப்புகார் போல மிக நுண்ணிய துணிக்கைகளாகப் பரவ வேண்டும். எஞ்சின் நிமிடத்துக்கு 3000 தடவை சுழலும்போது ஒரு சுற்றுக்கு ஆகும் நேரம் ஒரு வினாடியின் ஐம்பதில் ஒரு பங்குதான். அதிலும் டீசலைத் தெளிப்பதற்குக் கிடைப்பது ஆயிரத்தில் ஓரிரு பங்கு. இவ்வளவு குறுகிய நேரத்தில், ஒரு மில்லிமீற்றரின் பத்தில் ஒரு பங்களவான துளைகளினூடாக, நெருக்கப்பட்ட வளியை எதிர்த்து டீசல் பாய வேண்டுமானால் அதற்குப் பின்னால் மிகப் பெரிய அமுக்கம் இருந்தாக வேண்டும்.

இன்றைய பிக்கப் வண்டிகளில் இருப்பது "கொமன் ரெயில்" எனப்படும் முறையாகும். ஒரே பம்பி டீசலை உயர் அமுக்கத்தில் ஒரு தடித்த உருக்குக் குழாய்க்குள் அனுப்புகிறது. அந்தக் குழாய்தான் ரெயில். அங்கிருந்து ஒவ்வோர் உருளைக்கும் உரிய இன்ஜெக்டருக்கு டீசல் போகிறது. எந்த இன்ஜெக்டர் எப்போது திறக்க வேண்டும், எவ்வளவு நேரம் திறந்திருக்க வேண்டும் என்பதைக் கணினி தீர்மானிக்கிறது. 1995 இல் ஜப்பானிய லொறிகளிலும் 1997 இல் ஐரோப்பியக் கார்களிலும் விற்பனைக்கு வந்த இம்முறை இப்போது எங்கும் பரவிவிட்டது.

எஞ்சின் சும்மா ஓடும்போது ரெயிலில் ஏறத்தாழ 300 பார் அமுக்கம் இருக்கும். சுமையுடன் ஏற்றம் ஏறும்போது அது 1600 பாரை எட்டும். புதிய எஞ்சின்கள் சிலவற்றில் 2000 பாரையும் தாண்டும். ஒரு கார் டயருக்குள் இருப்பது இரண்டு பாருக்குச் சற்று மேல். ஏறத்தாழ 11 கிலோமீற்றர் ஆழமுள்ள மரியானா அகழியின் அடியில் கடல்நீர் கொடுக்கும் அமுக்கம் சுமார் 1100 பார். அதாவது உலகின் மிக ஆழமான கடலடியில் உள்ளதைவிடக் கூடிய அமுக்கம் நம் வீட்டு வாசலில் நிற்கும் வண்டியின் ஒரு குழாய்க்குள் உருவாகிறது.

டீசல் வரும் வழி

தாங்கியிலிருந்து இன்ஜெக்டர்வரை டீசல் வரும் வழியை இரண்டு பாதிகளாகப் பிரித்துப் பார்த்தால் நோயைத் தேடுவது இலகு.

முதற்பாதி தாழ் அமுக்கப் பகுதி. தாங்கியின் அடியில் உறிஞ்சு குழாயும் அதன் வாயில் ஒரு வலையும் உள்ளன. அங்கிருந்து வண்டியின் அடிப்பாகம் வழியாக நீண்ட குழாய் ஒன்று முன்னால் வருகிறது. வழியில் வடிகட்டி இருக்கிறது. இதைப் பில்டர் என்றே எல்லோரும் சொல்வார்கள். டீசலில் உள்ள தண்ணீரைப் பிரித்து அடியில் தேக்கி வைப்பதும் இதன் வேலை. பல பில்டர்களின் தலையில் கையால் அமுக்கும் சிறு பம்பியும் இருக்கும். பில்டரைத் தாண்டிய டீசல் எஞ்சினில் பொருத்தப்பட்ட பம்பிக்கு வருகிறது.

இரண்டாம் பாதி உயர் அமுக்கப் பகுதி. உள்ளே எவ்வளவு டீசலை விடுவது என்று தீர்மானிக்கும் கட்டுப்பாட்டு வால்வு, உயர் அமுக்கப் பம்பி, ரெயில், ரெயிலில் உள்ள அமுக்க உணரி, அமுக்கம் எல்லை மீறினால் திறக்கும் பாதுகாப்பு வால்வு, இன்ஜெக்டர்கள் என்பன இதில் அடங்கும். மிஞ்சும் டீசல் திரும்பும் குழாய் வழியாக மீண்டும் தாங்கிக்கே போய்ச் சேரும்.

பின்னால் இருந்து தள்ளுவது வளிமண்டலம்

பல பிக்கப் வண்டிகளில் தாங்கிக்குள் மின்பம்பி கிடையாது. எஞ்சினில் உள்ள பம்பிதான் அவ்வளவு தூரத்திலிருந்தும் டீசலை உறிஞ்சி எடுக்கிறது. உறிஞ்சுதல் என்று நாம் சொன்னாலும் பௌதிகவியலின்படி உண்மையில் நடப்பது வேறு. பம்பி தன் வாயிலில் அமுக்கத்தைக் குறைக்கிறது. தாங்கியில் உள்ள டீசலின் மேற்பரப்பை வளிமண்டலம் அமுக்குவதால் டீசல் குழாய் வழியே வருகிறது. வளிமண்டல அமுக்கம் ஏறத்தாழ 1 பார். எனவே முன்னால் 1600 பார் உருவாக வேண்டுமானாலும் பின்னால் இருந்து தள்ளுவதற்குக் கிடைப்பது அந்த ஒரு பார் மட்டுமே. அதற்கு மேல் ஒரு துளியும் கிடையாது.

வீட்டுக் கிணற்றுத் தண்ணீர் மோட்டாரை நினைத்துப் பாருங்கள். மோட்டார் நன்றாகச் சுற்றும், ஆனால் மேலே உள்ள தாங்கிக்குத் தண்ணீர் ஏறாது. மோட்டார் பழுதாகிவிட்டது என்று நினைப்போம். பார்த்தால் கிணற்றுக்குள் இருக்கும் புட் வால்வில் இலையோ பாசியோ அடைத்திருக்கும். அல்லது உறிஞ்சு குழாயின் பொருத்து ஒன்றில் மயிரிழை வெடிப்பு இருக்கும். அந்த வெடிப்பால் தண்ணீர் வெளியே கசியாது. வளிதான் உள்ளே போகும். ஆகவே வெளியில் ஈரம் தேடுபவருக்கு அந்த வெடிப்பு அகப்படாது. டீசல் வண்டியிலும் அப்படியே. உறிஞ்சும் பக்கத்தில் ஏற்படும் சிறிய அடைப்பும் சிறிய வளிக்கசிவும் முன்னால் இருக்கும் விலையுயர்ந்த பம்பியைக் குற்றவாளி போலக் காட்டிவிடும்.

உறிஞ்சு குழாயுடன் கூடிய இரட்டை உருளைப் பம்பியைப் பற்றி 1206 ஆம் ஆண்டிலேயே தமது நூலில் படத்துடன் விளக்கிய முஸ்லிம் பொறியியலாளர் அல் ஜஸரி என்பதை இங்கு நினைவுகூர்வது பொருத்தமானது. சுழலும் சக்கரத்தின் இயக்கத்தை முன்னும் பின்னும் அசையும் இயக்கமாக மாற்றி நீரை உயர்த்தியது அந்தப் பொறி. நம் வண்டியின் பம்பியும் சுழலும் தண்டின் இயக்கத்தை முசலத்தின் அசைவாக மாற்றித்தான் வேலை செய்கிறது.

கணினி சொல்வதும் சொல்லாததும்

கராஜில் பொருத்தும் சோதனைக் கருவி காட்டும் குறியீடுகளில் ஒன்று பி 0087. ரெயிலில் எரிபொருள் அமுக்கம் மிகக் குறைவு என்பதே அதன் பொருள். கணினி எவ்வளவு அமுக்கத்தைக் கேட்டது, உணரி எவ்வளவைக் காட்டியது என்பதற்கு இடையிலான வித்தியாசம் எல்லை மீறியதும் இந்தக் குறியீடு பதிவாகும். பாதுகாப்புக்காகக் கணினி எஞ்சினின் வலுவையும் குறைத்துவிடும். அதனால்தான் அக்சிலேட்டரை எவ்வளவு மிதித்தாலும் வண்டி ஊர்ந்து செல்கிறது.

காய்ச்சல்மானி 102 என்று காட்டினால் உடம்பு சூடு என்பது மட்டும்தான் தெரியும். டெங்குவா, தொண்டை அழற்சியா என்பது தெரியாது. பி 0087 உம் அப்படித்தான். அது எந்தப் பாகத்தையும் பெயர் சொல்லிக் குற்றஞ்சாட்டுவதில்லை.

எங்கள் வண்டியில் நடந்தது இதுதான். வாப்பா கடைகளுக்குப் பொருள் விநியோகிப்பவர். மாவனல்லையிலிருந்து கண்டிக்குப் போகும் வழியில் கடுகண்ணாவ ஏற்றம் இருக்கிறது. சமதரையில் நன்றாக ஓடிய வண்டி, சுமையுடன் அந்த ஏற்றத்தில் பாதி தூரம் ஏறியதும் வலுவிழந்துவிடும். விளக்கு எரியும். ஓரமாக நிறுத்திப் பத்து நிமிடம் ஆறவிட்டால் மீண்டும் எதுவுமே நடக்காதது போல் ஓடும். முதலில் பார்த்த கராஜில் பில்டரை மாற்றினார்கள். ஒரு கிழமை நன்றாக இருந்தது. பிறகு பழைய கதைதான். இரண்டாவது தடவை குறியீட்டைப் பார்த்துவிட்டு உயர் அமுக்கப் பம்பியை மாற்றச் சொன்னார்கள். அவர்கள் சொன்ன தொகை எங்கள் வீட்டின் பல மாதச் செலவுக்குச் சமன். உம்மாவின் காப்பை அடகு வைப்பதுவரை பேச்சு வந்துவிட்டது.

அந்த நேரத்தில்தான் கம்பளையில் கராஜ் வைத்திருக்கும் என் மாமா வந்து பார்த்தார். வாப்பா சொன்னதை எல்லாம் கேட்டுவிட்டு அவர் சொன்னது இதுதான்: "மச்சான், பம்பிக்கு நோய் என்றால் அது பத்து நிமிஷத்தில சுகமாகுமா? முதல்ல டீசல் வாற வழியைப் பார்ப்போம்."

"அப்ப பம்பி மாத்தத் தேவையில்லையா?" என்று வாப்பா கேட்டார்.

"அதை இப்பவே சொல்லேலாது. பார்த்துட்டுத்தான் சொல்லலாம்."

எனக்குப் பிடித்தது அந்த இரண்டாவது பதில். பம்பி குற்றமற்றது என்றும் அவர் முன்கூட்டியே தீர்மானிக்கவில்லை. இனி, அவர் பார்த்த ஒழுங்கையும் அதற்கான காரணங்களையும் தருகிறேன்.

தாழ் அமுக்கப் பகுதியில் செய்யும் சோதனைகள்

முதலாவது, விசாரணை. எப்போது வலு குறைகிறது? காலையில் ஸ்டார்ட் ஆக நேரம் எடுக்கிறதா, சூடான பிறகா, சுமையிலா? கடைசியாக எங்கே டீசல் அடித்தீர்கள்? பில்டர் மாற்றி எவ்வளவு காலம்? செலவில்லாத இந்தக் கேள்விகளே பாதி வழியைக் காட்டிவிடும். சும்மா ஓடும்போது அமுக்கம் சரியாக இருந்து, சுமை ஏறும்போது மட்டும் விழுந்தால் டீசல் போதிய அளவு வந்து சேரவில்லை என்று முதலில் சந்தேகிக்கலாம். சிறிதளவு டீசல் போதுமான வேளையில் அடைப்புத் தெரியாது. அதிகம் கேட்கும்போதுதான் தெரியும்.

இரண்டாவது, கண்ணால் பார்த்தல். குழாய்கள் எங்காவது நசுங்கியிருக்கின்றனவா, கிளிப்புகள் தளர்ந்திருக்கின்றனவா, இறப்பர்க் குழாய்கள் வெடித்திருக்கின்றனவா, டீசல் ஈரத்தில் தூசு ஒட்டியிருக்கிறதா என்று வண்டியின் அடிவரை பார்க்க வேண்டும்.

மூன்றாவது, பில்டரின் அடியில் தேங்கியதை ஒரு கண்ணாடிப் போத்தலில் இறக்கிச் சற்று நேரம் வைத்துப் பார்த்தல். தண்ணீர் டீசலைவிட அடர்த்தி கூடியது. ஆகவே அடியில் தனிப்படையாகத் தெரியும். எங்கள் வண்டியில் ஒரு மாதமே ஆன பில்டரிலிருந்து சிறிதளவு தண்ணீருடன் கறுத்த தூள்களும் வந்தன. புதிய பில்டருக்குள் இவ்வளவு அழுக்கு எங்கிருந்து வந்தது என்ற கேள்வி அப்போதே எழுந்தது.

நான்காவது, தாங்கியின் மூடியைக் கழற்றுதல். டீசல் குறையக் குறைய அந்த இடத்துக்கு வளி உள்ளே வந்தாக வேண்டும். வளி வரும் துளை அடைபட்டால் தாங்கிக்குள் அமுக்கம் குறைந்து, பின்னால் இருந்து தள்ளும் அந்த ஒரு பாரும் குறைந்துவிடும். வலு குறைந்த நேரத்தில் மூடியைத் திறக்கும்போது உஸ் என்று வளி உள்ளே இழுபட்டு, வண்டியும் உடனே சரியானால் நோய் அங்கேதான். எங்கள் வண்டியில் அப்படி எதுவும் இருக்கவில்லை.

ஐந்தாவது, ஒளிபுகும் குழாய்ச் சோதனை. பில்டருக்கும் பம்பிக்கும் இடையில் டீசலுக்கு ஈடுகொடுக்கும் ஒரு துண்டு ஒளிபுகும் குழாயைத் தற்காலிகமாகப் பொருத்தி எஞ்சினை ஓட விடுவார்கள். வளிக்குமிழிகள் தொடர்ந்து ஓடினால் எங்கோ வளி உள்ளே புகுகிறது. வளி நெருங்கக்கூடியது, டீசலோ ஏறத்தாழ நெருங்காதது. பம்பிக்குள் வளி போனால் முசலம் வளியை நெருக்குவதிலேயே தன் வேலையைக் கழித்துவிடும், அமுக்கம் ஏறாது. எங்கள் குழாயில் குமிழி தெரியவில்லை.

ஆறாவது, வெற்றிடமானி. பம்பிக்கு முன்னால் இதைப் பொருத்தி எஞ்சினை வேகமாக ஓட்டிப் பார்ப்பார்கள். பம்பி பலமாக இழுத்தும் டீசல் வராவிட்டால் மானியின் முள் வழமையை விட மேலே போகும். எவ்வளவுவரை போகலாம் என்பதை அந்தந்த வண்டியின் திருத்தக் கைநூல் சொல்லும். முள் மேலே போவது இரண்டு செய்திகளைத் தருகிறது. வழியில் அடைப்பு இருக்கிறது என்பது ஒன்று. பம்பி இழுக்கும் பலத்துடன்தான் இருக்கிறது என்பது மற்றையது. எங்கள் வண்டியில் முள் உயர்ந்தபோது மாமா முதன்முறையாகச் சிரித்தார்.

ஏழாவது, கேன் சோதனை. சுத்தமான டீசல் நிரப்பிய கேன் ஒன்றைப் பின்தட்டில் அசையாமல் கட்டி, தாங்கியிலிருந்து வரும் குழாயைக் கழற்றி, அதற்குப் பதிலாகக் கேனிலிருந்து ஒரு குழாயை இணைப்பார்கள். திரும்பும் குழாயையும் அதே கேனுக்குள் விடுவார்கள். இப்போது தாங்கியும் அதன் வலையும் நீண்ட குழாயும் வழியிலிருந்து விலக்கப்பட்டுவிட்டன. வண்டி சரியாகிவிட்டால் குற்றம் விலக்கப்பட்ட பகுதியில். சரியாகாவிட்டால் குற்றம் இன்னும் முன்னால். ஒன்றை மட்டும் மாற்றி மற்றவற்றை அப்படியே வைத்துப் பார்க்கும் இந்த முறையைத்தான் விஞ்ஞான பாடத்தில் கட்டுப்பாட்டுப் பரிசோதனை என்று படிக்கிறோம்.

அன்று அதே சுமையுடன், அதே ஏற்றத்தில், கேன் டீசலில் வண்டி ஏறியது. பஹல கடுகண்ணாவையைத் தாண்டி, பாறையைக் குடைந்த பழைய பாதை இருக்கும் இடமும் கடந்தது. விளக்கு எரியவில்லை.

உயர் அமுக்கப் பகுதி

கேன் சோதனையிலும் வண்டி சரியாகியிருக்காவிட்டால் அடுத்த கட்டம் உயர் அமுக்கப் பகுதி. இங்கு அனுபவமும் உரிய கருவியும் உள்ளவரே கைவைக்க வேண்டும். ஆயினும் என்ன பார்க்கிறார்கள் என்பதை நாம் தெரிந்திருப்பது நல்லது.

முதலில் உணரி உண்மை சொல்கிறதா என்று பார்க்க வேண்டும். எஞ்சினை நிறுத்தி வெகுநேரமான பின் சாவியை மட்டும் திறந்தால் ரெயில் அமுக்கம் பூச்சியத்துக்கு அண்மையில் காட்ட வேண்டும். வேறெதையாவது காட்டினால் உணரியோ அதன் வயரோ பொய் சொல்கிறது. அடுத்து, கேட்ட அமுக்கத்தையும் கிடைத்த அமுக்கத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, சும்மா ஓடும்போதும் சுமையிலும் ஒப்பிட வேண்டும். கட்டுப்பாட்டு வால்வில் அழுக்குச் சிக்கினால் அமுக்கம் ஒரு நிலையில் நில்லாமல் ஏறி இறங்கும். எஞ்சினின் ஓட்டமும் அதற்கேற்பத் தளும்பும்.

பிறகு இன்ஜெக்டர்களின் திரும்பும் அளவு. ஒவ்வோர் இன்ஜெக்டரிலிருந்தும் திரும்பி வரும் டீசலை ஒரே அளவான சிறு போத்தல்களில் தனித்தனியாகச் சேர்த்துப் பார்ப்பார்கள். மூன்று போத்தல்களில் சிறிதளவும் நான்காவதில் மிக அதிகமாகவும் இருந்தால் நான்காவது இன்ஜெக்டர் உள்ளே தேய்ந்து, அமுக்கத்தைத் திருப்பி ஒழுகவிடுகிறது. வாளியில் ஓட்டை இருக்கும்போது குழாயைக் குறை சொல்வதில் பயனில்லை. அதுபோல ரெயிலின் பாதுகாப்பு வால்விலிருந்து திரும்பும் குழாயிலும், சாதாரண ஓட்டத்தில் டீசல் வரக் கூடாது.

இவை எல்லாம் சரி என்று உறுதியான பிறகே பம்பியின் மீது சந்தேகம் நியாயமாகிறது. பம்பி உண்மையில் தேய்ந்திருந்தால் கட்டுப்பாட்டு வால்வைக் கழற்றும்போது பளபளக்கும் உலோகத் துகள்கள் தென்படலாம். அப்படியானால் பம்பியை மாற்றினால் மட்டும் போதாது. துகள் போன இடமெல்லாம் சுத்தம் செய்யப்பட வேண்டும். இல்லாவிட்டால் புதியதும் அதே கதிக்கு ஆளாகும்.

உயிர்ப் பாதுகாப்பு

இந்தப் பகுதியைப் பெற்றோரும் சகோதரர்களும் அவசியம் வாசிக்க வேண்டும். எஞ்சின் ஓடும்போது உயர் அமுக்கக் குழாயின் பொருத்தை ஒருபோதும் தளர்த்தக் கூடாது. பழைய டீசல் எஞ்சின்களில் வளியை வெளியேற்ற அப்படிச் செய்யும் பழக்கம் இருந்தது. கொமன் ரெயில் எஞ்சினில் அது உயிராபத்தானது. கசிவைத் தேடி விரலால் தடவவும் கூடாது. நூறு பார் அமுக்கத்தில் வரும் நூலிழை போன்ற பீச்சலே தோலைத் துளைத்து டீசலைச் சதைக்குள் செலுத்திவிடக்கூடியது. வெளியில் ஊசி குத்தியது போல் ஒரு புள்ளிதான் தெரியும், வலியும் முதலில் குறைவாகவே இருக்கும். உள்ளே இழையங்கள் அழியத் தொடங்கிவிடும். அப்படி நடந்தால் வலி வரும்வரை காத்திராமல் உடனே வைத்தியசாலைக்குப் போய், உயர் அமுக்க டீசல் உட்புகுந்தது என்று சொல்ல வேண்டும். கசிவைத் தேட ஒரு காட்போர்ட் மட்டையை நீட்டிப் பிடித்தால் போதும். எஞ்சினை நிறுத்திய பின்னும் அமுக்கம் இறங்கச் சற்று நேரம் கொடுத்தே கைவைக்க வேண்டும்.

கிடைத்த முடிவு

எங்கள் வண்டியின் தாங்கியை இறக்கினார்கள். உறிஞ்சு குழாயின் வலையில் கறுப்புக் களிம்பு போன்ற ஒன்று அப்பியிருந்தது. தாங்கியின் அடியிலும் அதே களிம்பு. டீசலும் தண்ணீரும் சந்திக்கும் எல்லையில் நுண்ணங்கிகள் வளரும். நம் நாட்டைப் போன்ற வெப்பமான காலநிலையில் அவை இன்னும் விரைவாகப் பெருகும். அவற்றின் கழிவும் உடலும் சேர்ந்ததே இந்தக் களிம்பு. எஞ்சின் அதிகம் டீசல் கேட்கும்போது களிம்பு இழுபட்டு வலையில் ஒட்டும். எஞ்சினை நிறுத்தியதும் இழுவை நின்று மெல்ல விழுந்துவிடும். பத்து நிமிட ஓய்வில் வண்டி சுகமாகிய இரகசியம் இதுதான்.

வாப்பா இந்த வண்டியைப் பழையதாக வாங்கியது 2023 இல். 2022 ஆம் ஆண்டு எரிபொருள் தட்டுப்பாட்டின்போது முன்னைய உரிமையாளர் பல மாதங்கள் அதை ஓட்டாமல் நிறுத்தி வைத்திருந்தாராம். பாதி வெறுமையான தாங்கிக்குள் இருக்கும் வளியின் ஈரம் இரவுக் குளிரில் நீராக ஒடுங்கி அடியில் சேரும். அங்கேதான் தொடங்கியிருக்க வேண்டும் என்பது மாமாவின் ஊகம். தாங்கியைக் கழுவி, வலையைச் சுத்தம் செய்து, குழாய்க்குள் காற்றடித்து, பில்டரையும் மாற்றினார்கள். எல்லாச் செலவும் சேர்ந்து பம்பிக்குச் சொன்ன தொகையில் பத்தில் ஒரு பங்குகூட ஆகவில்லை. உம்மாவின் காப்பு கையிலேயே இருக்கிறது.

பம்பியை மாற்றியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்பதையும் யோசித்துப் பாருங்கள். களிம்பு தாங்கியிலேயே இருந்திருக்கும். புதிய பம்பியும் போதிய டீசல் கிடைக்காமல் திணறியிருக்கும். பம்பியின் பாகங்களுக்கு உராய்வு நீக்கியாக இருப்பதும் டீசல்தான். ஆகவே டீசல் தட்டுப்படும்போது பம்பியும் தேயத் தொடங்கும்.

வருமுன் காக்க

பில்டரில் சேரும் தண்ணீரைக் காலத்துக்குக் காலம் இறக்க வேண்டும். தண்ணீர் சேர்ந்ததைக் காட்டும் விளக்கு எரிந்தால் அன்றே இறக்க வேண்டும். பில்டரைக் கைநூல் சொல்லும் தூரத்துக்கு ஒருமுறை, தரமானதாகப் பார்த்து மாற்ற வேண்டும். நல்ல பில்டர் தடுப்பது சில மைக்குரோன் அளவான துணிக்கைகளை. நம் தலைமயிரின் தடிப்பு ஏறத்தாழ 70 மைக்குரோன். வண்டியை நீண்ட நாள் நிறுத்துவதாக இருந்தால் தாங்கியை நிரப்பி வைப்பது நல்லது. விலை குறைவு என்று மண்ணெண்ணெய் கலப்பது பம்பிக்குச் செய்யும் அநியாயம். மண்ணெண்ணெய்க்கு வழுக்கும் தன்மை குறைவு. கேனில் வாங்கும் டீசலைத் துணியால் வடித்தால் போதும் என்று நினைக்கக் கூடாது. துணி நுண்ணிய தூசையும் தண்ணீரையும் முழுமையாகத் தடுக்காது.

கராஜில் நாம் கேட்க வேண்டியவை

நாம் எல்லோரும் மெக்கானிக் ஆக வேண்டியதில்லை. ஆனால் வீட்டுப் பணம் இலட்சக்கணக்கில் போகும் இடத்தில் மூன்று கேள்விகளைக் கேட்க முடியும். "கேட்ட அமுக்கம் எவ்வளவு, கிடைத்தது எவ்வளவு?" "தாழ் அமுக்கப் பகுதியை எந்தச் சோதனையால் சரி என்று உறுதிப்படுத்தினீர்கள்?" "இன்ஜெக்டர்களின் திரும்பும் அளவைப் பார்த்தீர்களா?" மரியாதையாகக் கேட்டால் நல்ல தொழிலாளி மகிழ்ச்சியோடு பதில் சொல்வார். அவருடைய உழைப்புக்கும் அறிவுக்கும் அது மதிப்பளிப்பதாகும். பதில் இல்லாத இடத்தில் பணத்தைக் கொடுக்கச் சற்றுத் தாமதிப்பதில் தவறில்லை.

கேள்விப்பட்ட செய்தியைத் தீர விசாரிக்காமல் ஒருவர் மீது குற்றம் சுமத்தக் கூடாது என்று நமது மார்க்கம் கற்றுத் தந்திருக்கிறது. பிறர் நம்மிடம் ஒப்படைத்த பொருள் அமானிதம் என்றும் கற்றுத் தந்திருக்கிறது. தொழில் செய்பவருக்கு வாடிக்கையாளரின் வண்டி ஓர் அமானிதம். கல்வி கற்கும் நமக்கு நம் பெற்றோரின் உழைப்பு ஓர் அமானிதம். வகுப்பறையில் நாம் படித்த வளிமண்டல அமுக்கமும் அடர்த்தியும் கட்டுப்பாட்டுப் பரிசோதனையும் பரீட்சைத் தாளோடு முடிந்துவிடுபவை அல்ல. சகோதரிகளே, அடுத்த முறை வீட்டில் வண்டியோ தண்ணீர் மோட்டாரோ நின்றுவிட்டால் எட்ட நில்லாமல் அருகில் போய்ப் பாருங்கள். டீசலோ தண்ணீரோ எங்கிருந்து தொடங்கி எந்த வழியாக வருகிறது என்று ஒரு தாளில் வரைந்து, தொடக்கத்திலிருந்தே ஒவ்வொன்றாகக் கேளுங்கள்.